ஈட்டிப் பலகையில் வார்னிஷ் ஏன் காயவில்லை? எண்ணெய் மரங்களுக்கு மேல்பூச்சு போடும் முறை

கீழக்கரையில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தார்கள். அங்கிருந்து ஒரு ஈட்டிப் பலகையை வாங்கி வந்தேன். 4 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், மேலெல்லாம் பல வருடத்து அழுக்கு. விலை பேசும்போதே விற்றவரிடம், "காக்கா (அண்ணே), இது தேக்கா?" என்று கேட்டேன். அவர் விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஈட்டி. மோந்து பாருங்க" என்றார். லேசான இனிப்பு வாசனை வந்தது. வீட்டுக்கு வந்து இழைப்புளி போட்டதும், அழுக்குக்குக் கீழே ஊதாவும் கறுப்புமாக வரிகள் எழுந்து வந்தன.

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு முற்றத்து நிழலில் வைத்து, ஆளிவிதை எண்ணெயில் செய்த சாதாரண வார்னிஷை ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, பூசினேன். அதே டப்பாவில் மிச்சமிருந்ததை ஒரு வேப்பமர முக்காலிக்கும் பூசி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் முக்காலி காய்ந்துவிட்டது. பலகையைத் தொட்டால் விரல் ஒட்டியது. மூன்றாம் நாளும் ஒட்டியது, பத்தாம் நாளும் ஒட்டியது. கச்சான் காற்று வீசுகிற பருவம் அது. கடற்கரைப் பொடிமணல் வந்து படிந்து, பதினைந்து நாளில் பலகை உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். பலகையின் ஒரு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறிய பட்டை ஒன்று உண்டு. அந்தப் பட்டையின் மேல் மட்டும் வார்னிஷ் நன்றாகக் காய்ந்து கண்ணாடி போல் மின்னியது. ஒரே பலகை, ஒரே வார்னிஷ், ஒரே நாள் பூச்சு. ஓரம் காய்ந்தது, நடுப்பகுதி காயவில்லை. எண்ணெய் மரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது முழுவதும் அந்த இரண்டு விரல் பட்டையிலேயே இருக்கிறது.

முதலில் 'காய்வது' என்றால் என்ன என்று பார்ப்போம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆவியாகிக் காய்வது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, தின்னரில் கரைத்த லாக்கர் இரண்டும் இந்த வகை. கரைத்த திரவம் காற்றில் பறந்து போக, உள்ளே இருந்த பொருள் தகடாகத் தங்கிவிடுகிறது. இன்னொன்று, இறுகிக் காய்வது. ஆளிவிதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ், ஒரே டப்பாவில் வரும் எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் எல்லாம் இந்த வகை. இவற்றிலும் கொஞ்சம் தின்னர் பறந்து போகும் என்றாலும் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, சங்கிலியாக நீண்டு, வலையாகப் பின்னிக்கொள்ளும். திரவமாக இருந்தது அப்படித்தான் திடமாகிறது.

இதை நாம் தினமும் அடுப்பங்கரையில் பார்க்கிறோம். சூரியகாந்தி எண்ணெய் வைத்திருக்கும் பாத்திரத்தின் வாய்ப்பக்கம் நாள்பட நாள்பட மஞ்சளாக ஒரு பிசுக்கு பிடிக்கிறதே, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கிறதே, அது பாதி வார்னிஷ்தான். ஆக்சிஜன் சேர்ந்து சங்கிலி பின்ன ஆரம்பித்த எண்ணெய் அது. எண்ணெய் காறிப்போவதும் இதே ஆக்சிஜன் செய்கிற வேலை. அதனால்தான் சில சமையல் எண்ணெய்களில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளை மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். சங்கிலி நீளும்போதே நடுவில் புகுந்து அறுத்துவிடுவது அதன் வேலை. எண்ணெய் கெடாமல் இருக்கும்.

ஈட்டி மரம் அந்தத் தடுப்பானைத் தன் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. மரம் வளரும்போது வெளிப்பக்கம் இருக்கும் வெள்ளைப் பகுதி தண்ணீரை மேலே ஏற்றுகிறது. வருடங்கள் போகப் போக உள்பகுதி அந்த வேலையிலிருந்து ஓய்ந்து வைரமாகிறது. அப்படி வைரம் பாயும்போது எண்ணெய், பிசின், குயினோன், ஃபீனால் வகைப் பொருள்களை அது தன்னுள் இறக்கி வைத்துக்கொள்கிறது. கறையான் அரிக்காமல், பூஞ்சை பிடிக்காமல், கடல்காற்றில் உளுத்துப் போகாமல் நிற்பதற்கு இவைதான் காரணம். வாசனையும் நிறமும்கூட இவற்றால் வருவதுதான். இவற்றில் சில ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. ஈர வார்னிஷ் மேலே விழுந்ததும் இந்தப் பொருள்கள் அதில் கரைந்து சங்கிலியை அறுக்கின்றன. மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் மருந்தே வார்னிஷை இறுக விடாமல் செய்கிறது. ஓரத்து வெள்ளைப் பகுதியில் அந்த மருந்து இல்லாததால் அங்கே மட்டும் காய்ந்தது.

இதைச் சொன்னபோது எங்கள் தெரு ஆசாரி அண்ணன் ஒப்புக்கொண்டு, தன் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்த்தார். "தம்பி, ஈட்டி காய விடாது. தேக்கு காய விட்டுட்டு அப்புறமா உரிச்சுப் போட்டுடும்." அது உண்மை. எண்ணெய் மரத்தில் பூச்சு இரண்டு விதமாகக் கெடும். ஈட்டி, மத்திய அமெரிக்காவிலிருந்து வரும் கொக்கபோலோ முதலான டால்பெர்ஜியா இனத்து மரங்களில் பூச்சு காயாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். ஆப்பிரிக்கத் தேக்கு என்ற பெயரில் விற்கப்படும் ஐரோக்கோவிலும் இந்தத் தொல்லை உண்டு. தேக்கு அப்படியில்லை. கொஞ்சம் தாமதமானாலும் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஆனால் தேக்குக்குள் எண்ணெயோடு ரப்பரைப் போன்ற ஒரு பொருளும் உண்டு. புதிதாக இழைத்த தேக்கைக் கையால் தடவினால் மெழுகு தடவியது போல வழுக்குகிறதே, அதுதான். பூச்சு மரத்தைப் பற்றிக்கொள்ளாமல் மேலே மிதந்த மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒரு கோடை வெயில், ஒரு மழைக்காலம் போனதும் வாசற்கதவின் கீழ்ப்பக்கத்தில் வார்னிஷ் தாள் மாதிரி சுருண்டு வரும்.

உங்களிடம் இருக்கும் மரம் எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்வது சுலபம். புதிதாக இழைத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேப்பமரத்திலும் மாமரத்திலும் சொட்டு பரவி ஊறும். எண்ணெய் மரத்தில் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். அடுத்து, வெள்ளை வேட்டித் துணியை அசிட்டோனில் நனைத்து அழுத்தித் துடைத்துப் பாருங்கள். ஈட்டியில் பழுப்பும் ஊதாவுமாகத் துணி கறைபடும். படாக் மரத்தில் ரத்தம் தொட்டது போல் ஆரஞ்சுச் சிவப்பு வரும். துணி எவ்வளவு நிறம் பிடிக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கை தேவை. மரத்தின் பெயரை நம்ப வேண்டாம். கடைகளில் தேக்கு என்ற பெயரில் வரும் மரமெல்லாம் தேக்கு இல்லை. துணி காட்டுகிற நிறத்தை நம்பலாம்.

எண்ணெய் மரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லத் தோன்றுகிறது. லிக்னம் விட்டே என்று கரீபியன் பக்கத்து மரம் ஒன்று உண்டு. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் கனம். உள்ளே அவ்வளவு பிசின் இருப்பதால், கப்பலின் பின்னால் சுழலும் விசிறித் தண்டைத் தாங்குவதற்கு, உலோகத்துக்குப் பதிலாக இந்த மரத்தைத்தான் நெடுங்காலம் வைத்தார்கள். கிரீஸ் வேண்டாம், கடல் தண்ணீரும் மரத்தின் சொந்தப் பிசினுமே போதும். பாம்பன் கால்வாயில் கப்பல் கடக்கும்போது எனக்கு அந்த மரம் நினைவுக்கு வரும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஏற்கெனவே பூசி ஒட்டிக்கொண்டிருக்கும் பலகை என்றால், அதன் மேல் இன்னொரு கை பூசவே கூடாது. அடியில் இருப்பது காயாதவரை மேலே போடுவதும் நிற்காது. கண்ணாடிச் சில்லு அல்லது இரும்புத் தகடால் சுரண்டி எடுத்து, டர்பெண்டைன் தொட்ட துணியால் துடைத்து, மரம் வரை இறங்கிவிடுங்கள். என் பலகைக்கு இது முழு ஒரு நாள் வேலையாக இருந்தது. மணல் கலந்திருந்ததால் இரண்டு தகடு மழுங்கியது.

அப்புறம் மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும். எண்ணெய் மரத்தில் 'இன்று இழைத்து அடுத்த வாரம் பூசலாம்' என்பது சரிவராது. உள்ளே இருக்கும் எண்ணெய் மெல்ல மெல்ல மேலே வந்து படியும். காலையில் 180, பிறகு 220 உப்புத்தாள் போட்டால் அன்றைக்கே பூசிவிட வேண்டும். பூசுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடையுங்கள். ஒரே துணியால் முழுப் பலகையையும் துடைத்தால் எண்ணெயை ஒரு இடத்திலிருந்து எடுத்து இன்னொரு இடத்தில் தடவுவதாகத்தான் முடியும். ஆகவே துணியை மடித்து மடித்துச் சுத்தமான பக்கத்தால் துடைக்க வேண்டும். அசிட்டோன் ஓரிரு நிமிடத்தில் பறந்துவிடும். அது முழுதும் பறந்ததும் தாமதிக்காமல் அரை மணி நேரத்துக்குள் முதல் கை விழுந்துவிட வேண்டும். அசிட்டோன் மேல்தோலில் இருக்கும் எண்ணெயைத்தான் எடுக்கும், மரத்தின் ஆழத்தில் இருப்பதை எடுக்காது. எனவே அதை மட்டும் நம்பி நேரே வார்னிஷ் பூசுவது போதாது என்பது என் கருத்து. தேக்கில் சில சமயம் தப்பிக்கலாம், ஈட்டியில் தப்ப முடியாது. இன்னொன்று, அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்போ, பீடியோ, கொசுவத்தியோ இருக்கக் கூடாது. வெளியில் காற்றோட்டமாக வைத்துச் செய்யுங்கள்.

மரத்துக்கும் வார்னிஷுக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பு ஆவியாகிக் காய்வதாக இருந்தால் மரத்தின் மருந்து அதை ஒன்றும் செய்ய முடியாது. அறுப்பதற்கு அங்கே சங்கிலியே இல்லையே. இதற்கு நான் கண்ட வரையில் அரக்கைவிட நல்ல பொருள் வேறில்லை. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரப்பது அரக்கு. நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கம்தான் அதிகம் விளைகிறது. அதைச் சுத்தம் செய்து மெல்லிய செதிலாக்கி 'ஷெல்லாக்' என்று விற்கிறார்கள். பிரெஞ்சு பாலிஷ் போடும் ஆசாரிகள் எல்லோரிடமும் இருக்கும்.

100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 10 கிராம் செதில் போதும். கண்ணாடி பாட்டிலில் போட்டு இரவு முழுக்க ஊற விட்டு, அவ்வப்போது குலுக்குங்கள். காலையில் அடியில் கலங்கலாக ஒன்று படிந்திருக்கும். அது அரக்கிலுள்ள மெழுகு. மெழுகின் மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது. ஆகவே குலுக்காமல் மேலே தெளிந்த பகுதியை மட்டும் வேறு பாட்டிலில் வடித்துக்கொள்ளுங்கள். மெழுகு நீக்கிய செதிலே கிடைத்தால் இந்த வேலையும் மிச்சம். கரைத்ததை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். பழைய கரைசல் காயாமல் பிசுபிசுக்கும். அப்போது மரத்தின் மேல் பழி போட்டு ஏமாறுவோம்.

பழைய பருத்தித் துணியை உருட்டி, அரக்குக் கரைசலில் தொட்டு, வரியோடு ஒரே இழுப்பாக இழுங்கள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தேய்க்கக் கூடாது. முதல் கை போடும்போது ஈட்டியின் நிறம் கொஞ்சம் துணியில் ஏறும். அதனால் பயம் இல்லை. படாக்காக இருந்தால் மட்டும் அந்தச் சிவப்பு பக்கத்து வெளிறிய மரத்தில் தீற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் விட்டு இரண்டாவது கை, அது காய்ந்ததும் 320 உப்புத்தாளால் பட்டும் படாமல் ஒரு தடவல், அதன் மேல் மூன்றாவது கை. இதற்கு ஸ்டீல் வுல் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் மரத்தின் துளைகளில் சிக்கி, நம் ஊர்க் காற்றில் ஒரே மாதத்தில் துருப்பிடித்துக் கரும்புள்ளியாகும். இரவு முழுக்க விட்டுவிட்டு, மறுநாள் வார்னிஷோ பாலியூரித்தேனோ எது வேண்டுமானாலும் பூசலாம். மெல்லிய கையாக, மூன்று முறை.

அரக்கு வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு டப்பாவாக வந்து கலந்து பூசும் பி.யூ. (பாலியூரித்தேன்) உண்டு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை நம்பி இறுகுவதில்லை, தன்னோடு வரும் ஹார்டனரோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் ஈட்டியின் மேலும் பெரும்பாலும் காயும். ஆனால் அந்தப் புகை மூச்சுக்குக் கெடுதல், தகுந்த முகக்கவசம் இல்லாமல் வீட்டில் ஸ்பிரே செய்யக் கூடாது. பாலியெஸ்டர் பூச்சை ஈட்டியில் நேரடியாகப் போடவே வேண்டாம். அதுவும் சங்கிலியாக நீண்டு இறுகும் பொருள், எண்ணெய் வார்னிஷைவிட மோசமாகச் சிக்கிக்கொள்ளும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. அது உப்பு. ராமேஸ்வரம் முதல் வாலிநோக்கம் வரை திறந்த வெளியில் கிடந்த எந்த மரத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சித் தண்ணீர் விடும். மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்புச் சாடி கசிகிறதே, அதே கதை. பூச்சுக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டால் அங்கே எப்போதும் ஈரம்தான், பூச்சு கொப்புளித்து எழும். எனவே உப்புத்தாள் போடுவதற்கு முந்தின நாள் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு தடவை துடைத்துக் காயவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம். நம் பக்கம் அதில் பாதி ஊர்களில் உப்புதான் இருக்கிறது. குடிக்கிற தண்ணீரில் ஒரு சொம்பு போதும்.

ஈரக்காற்று அரக்குக்கும் ஆகாது. ஸ்பிரிட் வேகமாகப் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீராவி படிந்து, அரக்கு பால் தெளித்தது போல் வெளுத்துவிடும். அப்படி ஆனால் கலங்க வேண்டாம், நல்ல வெயில் நாளில் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மேலே ஒரு இழுப்பு இழுத்தால் வெளுப்பு போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை வரும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் மணலை வாரி வந்து ஈரப் பூச்சில் கொட்டும். காற்று ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனிதான் எனக்குப் பிடித்த காலம். அப்போதும் காலைப் பனி விலகி, பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, மாலை நாலு மணிக்குள் முடித்துவிடுவேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு. மழையும் வெயிலும் படும் வாசற்கதவு, திண்ணைத் தூண், படகின் மேற்பலகை போன்றவற்றுக்கு அரக்குத் தடுப்பு தாங்காது. தண்ணீர் பட்டால் அரக்கு வெளுக்கும். அங்கே தேக்காக இருந்தால் கடலுக்கென்று செய்த வார்னிஷை வாங்கி, முதல் கையைப் பாதிக்குப் பாதி தின்னர் சேர்த்துத் தண்ணீராக இழுத்து மரத்துக்குள் இறங்க விட்டு, பிறகு படிப்படியாகக் கெட்டியாக்கி ஐந்தாறு கை போட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து இன்னொரு கை போட வேண்டும். இது தொடர்ந்து செய்ய முடிந்தவர்களுக்கான வழி. முடியாதவர்களுக்கு நான் சொல்வது, தேக்கைச் சும்மா விட்டுவிடுங்கள். வெயில் பட்டு மேல்தோல் வெள்ளிச் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். உள்ளே மரம் அப்படியே இருக்கும். பாதி உரிந்த வார்னிஷைவிட அந்தச் சாம்பல் நிறம் பார்க்க நூறு மடங்கு அழகு. 'டீக் ஆயில்' என்று கடையில் விற்பதை நம்பி ஒரு வருடம் நிற்கும் என்று எண்ண வேண்டாம். அது தேக்கிலிருந்து எடுத்த எண்ணெய் இல்லை. பெரும்பாலும் ஆளிவிதை அல்லது டங் எண்ணெயோடு வார்னிஷும் தின்னரும் கலந்ததுதான். சில மாதத்தில் நிறம் மங்கும், மறுபடி தடவ வேண்டும்.

ஆளிவிதை எண்ணெயோ டீக் ஆயிலோ தொட்ட துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சி இல்லாமல், யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போட்டு, விறைப்பானதும் எறியுங்கள். இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள். இதை வேலைக்கு உதவ வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

தூசியிலும் கவனம் வேண்டும். வார்னிஷைக் காய விடாத அந்தக் குயினோன்கள் நம் தோலையும் விடுவதில்லை. ஈட்டித் தூள் சிலருக்குக் கையில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும், மூச்சும் இழுக்கும். இலங்கையில் முதிரை என்று சொல்லும் மரத்தின் தூளும் அப்படித்தான். முதல் நாள் ஒன்றும் செய்யாது, பழகப் பழக உடம்பு எதிர்க்க ஆரம்பிக்கும். முகக்கவசம், முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியல்.

என் பலகையை மறுபடி சுரண்டி, துடைத்து, மூன்று கை அரக்கு, மூன்று கை வார்னிஷ் என்று முடித்தேன். ஆனால் நேராக மேல்பக்கத்தில் தொடங்கவில்லை. பலகையைக் கவிழ்த்து, கண்ணில் படாத அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு முதலில் எல்லாவற்றையும் பூசிப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்துக் கட்டைவிரலால் அழுத்தித் திருகினேன். ரேகை பதியவில்லை. ஒட்டுநாடாவை ஒட்டிச் சட்டென்று இழுத்தேன். நாடாவில் எதுவும் வரவில்லை. அதன் பிறகுதான் பலகையைத் திருப்பிப் போட்டு மேல்பக்கத்தைத் தொட்டேன்.